மூடி மாற்றிய சாயங்கள்

ஆய்வுக்கூடக் குளிர்பெட்டிக்குள் ஆரஞ்சுச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பளிச்சென்று ஒளிர்கிற சாயம் அங்கே வேறு கிடையாது. அதைப் போய், நாளை ஒரு பெண்ணுக்கு நடக்கும் ரத்தப் பரிசோதனையில் பத்துப் பதினைந்து நோய் செல்கள் இருந்தால் அவற்றில் ஒட்டிக்கொள்ள ஒதுக்கியிருந்தார் டாக்டர் மங்கையர்க்கரசி. லட்சக்கணக்கான நல்ல செல்கள் மங்கல் நீலத்துக்கு!

“போயும் போயும் பத்துப் பேருக்கா நான்? இந்த அழுமூஞ்சிக்கு அவ்வளவு கூட்டமா?” என்று பொரிந்து தள்ளியது.

“அந்தப் பத்துப் பேரும் கண்ணில் படணும்னுதான் உங்களைப் போட்டிருக்காங்க, அண்ணே” என்றது நீலம்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? கழற்றுடா மூடியை!”

எந்தச் செல்லுக்கு என்று எழுதியிருந்தது மூடியில்தான். நீலம் பயந்துபோய்க் கழற்றிக் கொடுத்து, ஆரஞ்சின் மூடியைப் போட்டுக்கொண்டது.

மறுநாள் திரை முழுக்க ஆரஞ்சு ஜொலித்தது. “நல்ல செல்லுக்கு ஆரஞ்சைப் போட்டுட்டாங்களா?” என்று டாக்டர் நீலத்தைத் தேடி உற்று உற்றுப் பார்த்தார். “நோய் செல் ஒண்ணுகூட இல்லை. அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்று போனில் சொன்னார்.

“பார்த்தியா என் வெளிச்சத்தை!” என்று மார்தட்டியது ஆரஞ்சு.

நீலம் சீறியது. “பதினோரு பேர் இருந்தாங்கடா, பாவி! ஒவ்வொருத்தரையும் நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். உன் வெளிச்சத்துல நான் யார் கண்ணுக்குத் தெரிஞ்சேன்?”