நாற்பத்தோராவது மணப்பெண்

மிருணாளினி பாரிஸ் லா சப்பலில் மணப்பெண் அலங்காரம் செய்பவள். 2014 தை மாதம் ஐந்நூறு விசிட்டிங் கார்ட் அடித்து, நகைக்கடைகளில் வைத்தாள். கார்டின் பின்புறத்துக் கியூஆர் கோட்டை ஃபோனில் ஸ்கான் செய்தால், அவள் அலங்கரித்த பெண்களின் படங்கள் வரும். மொத்தம் நாற்பது. அவளே தெரிவுசெய்து ஏற்றியவை.

கார்டைப் பார்த்து முதலில் வந்தவள் செவ்ரான் புறநகர்ப் பெண்.

"அக்கா, கடைசிப் படத்திலை இருக்கிறவ மாதிரி என்னை வெளிக்கிடுத்தி விடுங்கோ. அரக்குக் கூறை, கரையிலை அன்னம். முகம்தான் தெரியேல்லை, குனிஞ்சு நிக்கிறா."

மிருணாளினியின் ஃபோனில் கடைசிப் படம் பச்சைச் சேலை. இருந்தும், அந்தப் பெண் சொல்லச் சொல்ல அப்படியே செய்துவிட்டாள். அடுத்தடுத்து வந்தவர்களும் அன்னக்கரையையே கேட்டார்கள். வைகாசியில் ஒருத்தி, "இப்ப கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறா," என்றாள்.

மிருணாளினியின் கல்யாண எழுத்து, முன்பு பனி கொட்டிய ஒரு காலையில் நகரசபை மெரியில் நடந்தது. கறுப்புக் கோட்டோடு போய்க் கையெழுத்து வைத்தாள். யாரும் படம் எடுக்கவில்லை. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கூறை பிந்தித்தான் வந்தது. பொண்டியில் உள்ள அவள் வீட்டு அலுமாரியில் இன்னும் பிரிக்காத பார்சலாகவே கிடக்கிறது.

ஆவணியில் தர்மிளா என்ற பெண் வந்து கண்ணாடி முன் இருந்தாள். மிருணாளினி பொட்டு வைக்கக் குனிந்தாள். தர்மிளா கையிலிருந்த ஃபோனில் அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் மிருணாளினியின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களை ஆர் இவ்வளவு வடிவா வெளிக்கிடுத்தினது?"