ஒட்டாத காந்தம்

"ரோலர் ஏறுறதுன்னா மொதல்ல என் மேல ஏறட்டும்! அதுக்கு முன்னால ஒரு சட்டி கலவை இங்க உழுகக் கூடாது!"

வெண்ணந்தூருக்கு மேற்கே, ஊருக்குள் திரும்புகிற சாலையின் நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் வெங்கடாசலம். வயது எழுபத்திரண்டு. மடியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, கயிற்றில் கட்டிக் கிடந்தது.

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தனசேகருக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் மூன்று டிப்பர் லாரிகள், தார்க்கலவை ஆவி பறக்க நின்றன. கலவை ஆறினால் இறுகிப்போகும். காட்டோரம் கொட்ட வேண்டியதுதான். போன மாதம் ஒரு லோடு அப்படிப் போயிற்று. இன்னொன்று போனால் நாளையிலிருந்து வராதே என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"ஐயா, நல்ல காரியத்தைத் தடுக்கறீங்களே. உங்க ஊருக்குத்தானுங்க ரோடு?"

"போன தடவையும் எங்க ஊருக்குத்தான் போட்டீங்க. எட்டு மாசம் தாங்கலை. எங்கூட்டுக்காரி மொபெட்டோட குழியில உழுந்து, இடுப்பொடிஞ்சு இன்னும் படுக்கையில கெடக்கறா. நல்ல காரியமாம்!"

"அது வேற காண்ட்ராக்டருங்க."

"மூஞ்சிதான் வேற. கை ஒண்ணுதான்."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். தறி ஓட்டிக்கொண்டிருந்த அகல்யா, தலையில் ஒட்டிய பஞ்சோடு போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு டீ சாப்பிட்டுட்டுப் பேசலாமுங்களா?"

"உன்ற டீயும் உன்ற ரோடும் ஒண்ணுதான். ரெண்டுலயும் சரக்கு இருக்காது."

"போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்ங்க."

"கூப்பிடு. அவிக ஜீப்பும் இந்தக் குழியில உழுந்துதான் வரோணும்."

தனசேகர் பல்லைக் கடித்தான். கிழவர் கை நீட்டிச் சாலையோரப் பலகையைக் காட்டினார்.

"அதுல என்ன எழுதியிருக்குது? எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

"இரும்பாலைக் கசடும் பழைய டயர்த் தூளும் கலந்து அமைக்கப்படும் சாலை."

"கசடுன்னா?"

"இரும்பை உருக்கறப்ப மிஞ்சுற கழிவுங்க. ஆறினா கல்லாட்டம் ஆயிரும்."

"டயர்த்தூளு?"

"தேஞ்சுபோன லாரி டயரை அரைச்ச பொடிங்க."

"ஆக, ஆலையில கழிச்சது, லாரியில கழிச்சது. எல்லாத்தையும் கொண்டாந்து எங்கூட்டு வாசல்ல கொட்டறேங்கிறீங்க. கேக்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா?"

தனசேகருக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா விஷயம்! கிழவருக்குக் கழிவு என்றால் ஆகவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். வேலையைச் சரிபார்க்கும் அரசு இன்ஜினியர் அம்மா ராசிபுரத்தில் மீட்டிங்கில் இருந்தார். குனிந்து கிழவரின் காதருகே முணுமுணுத்தான்.

"பலகை கெடக்குது, உடுங்க ஐயா. இதுல கழிவே கெடையாது. சுத்தமான கருங்கல் ஜல்லி."

"என்ன? சத்தமாச் சொல்லு சாமி. டிப்பர் ஓட்டி ஓட்டிக் காது மந்தமாயிருச்சு."

"கழிவு இல்லைங்கறேனுங்க!"

"நீ சொன்னா ஆச்சா? லாரிக்கு ஒரு சட்டி அள்ளி இந்தப் பக்கமாப் போடச் சொல்லு."

மூன்று சட்டிக் கலவை அவர் காலடியில் விழுந்தது. கிழவர் குனிந்து கயிற்றைப் பிடித்துக் காந்தத்தை ஒவ்வொன்றிலும் இறக்கினார். புரட்டினார், இழுத்தார், தூக்கிப் பார்த்தார். தார்ப்பிசுக்குத்தான் இருந்தது. ஒரு கல்கூட ஒட்டவில்லை.

"பாத்துட்டீங்களா!" தனசேகர் கை தட்டாத குறை. "இரும்பாலைக் கசடு இருந்தா காந்தம் சும்மா உடுமா?"

"அந்த டயர்த்தூளு?"

"அதுவும் இல்லைங்க. வெறுந்தாரு. ஜல்லி எங்க முதலாளி சொந்தக் கிரஷர்ல உடைச்சது."

கிழவர் நெற்றியைச் சுருக்கினார். "எனக்குச் சொல்லிட்டே. ஊருக்கு யாரு சொல்றது? காண்ட்ராக்டர்கிட்டக் காசு வாங்கிட்டு எந்திரிச்சுட்டான் கிழவன்னு நாளைக்குப் பேசுவாங்க. அகல்யா, அந்தப் போனைப் புடி. தம்பி அதைப் பாத்துச் சொல்லட்டும்."

லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். "சூப்பர்வைசரே, ஆறுதுங்கோ!"

தனசேகர் யோசிக்கவில்லை. காலரை இழுத்துவிட்டுக்கொண்டு போனைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். "நான் சூப்பர்வைசர் தனசேகர் பேசறேன். இந்த மூணு லோடுலயும் இரும்பாலைக் கசடு ஒரு கல்லு கெடையாது. டயர்த்தூளு ஒரு பிடி கெடையாது. நான் சொல்றது சத்தியம்!"

"பதிஞ்சுதா அகல்யா?"

"பளிச்சுன்னு பதிஞ்சுதுங்க."

கிழவர் எழுந்தார். தனசேகர் ரோலர்காரனுக்குக் கை காட்டினான். கிழவரோ நாற்காலியை ரோலரை ஒட்டி இரண்டடி முன்னே நகர்த்திப் போட்டு, முன்னிலும் அழுத்தமாக உட்கார்ந்தார்.

"அதை இன்ஜினியர் அம்மாவுக்கு அனுப்பிரு அகல்யா," என்றவர் தனசேகரை நிமிர்ந்து பார்த்தார். "இரும்பாலைக்குள்ள கசடு போட்ட ரோட்டுல இருபது வருஷம் லோடு ஓட்டியிருக்கேன், ஒரு குழி பாத்ததில்லை, அந்தக் கழிவுலதான் எங்க ஊருக்கு ரோடு போடோணும்னு மூணு வருஷமா அலைஞ்சு குடுத்த மனுவுல இருக்கிற கைநாட்டு என்னுது தம்பி."