சந்தியா இருக்காங்களா

பாலகுருவின் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. பேண்ட் பையில் இருந்தது அல்ல. சட்டைப் பையில் இருந்தது.

துபாய் தங்கக் கடைத்தெருவே மேடையைப் பார்த்து நின்ற நேரம் அது. ஷாப்பிங் திருவிழாவின் அன்றைய குலுக்கல். பரிசு ஒரு கிலோ தங்கம். கண்ணாடி உருளைக்குள் கைவிட்டு ஒரு கூப்பனை எடுத்த பெண், அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு மைக்கைப் பக்கத்தில் பிடித்திருந்தாள்.

அவன் எடுத்தான்.

"சந்தியா இருக்காங்களா?"

அவள் ஆங்கிலத்தில் கேட்டது காதிலும் ஒலிபெருக்கியிலும் சேர்ந்து விழுந்தது.

"இருக்கா," என்றான் பாலகுரு. தமிழில்.

தெரு முழுக்க அது கேட்டது. கை தட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற அக்கா சீதாலட்சுமி தட்டவில்லை. அவன் மனைவி சந்தியா இறந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது என்பது அந்தக் கூட்டத்தில் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

அக்கா சிவகங்கையிலிருந்து விசிட் விசாவில், இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்திருந்தாள். நாயிஃப் சந்தைப் பக்கம் போர்வையும் தைலமும் வாங்கியாயிற்று. க்ரீக்கில் படகேறி, "ஊருக்குள்ள இம்புட்டுக் கடலு, ஒரு மீன் நாத்தம் உண்டா பாரு," என்று வியந்தும் ஆயிற்று.

வந்த காரியம் வேறு. தம்பிக்குச் சொந்தத்தில் பானுப்பிரியாவைப் பேசி முடித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சங்கிலி எடுக்கத்தான் இன்று இந்தத் தெருவுக்கு அவனை இழுத்து வந்தாள்.

அவசரத்துக்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. "ஒத்த ஆளுக்கு எதுக்குடா ரெண்டு போனு? எவளாச்சும் பிலிப்பைன்காரியா?" என்று வந்த அன்றே கேட்டாள். பாலகுரு பேச்சை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. பெண் பார்த்ததற்கும் அவன் சரி என்று சொன்னதில்லை. மாட்டேன் என்றும் சொல்லாததால் அக்கா அதையே சரி என்று எடுத்துக்கொண்டாள்.

சங்கிலி எடுத்த கடையில், சேல்ஸ்மேன் நூஹு பில்லோடு கூப்பனை நீட்டி, எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர்.

"வீட்டுக்காரம்மா பேரைப் போடுங்க தம்பி. பொம்பளைப் பேருக்குத்தான் விழும்."

பாலகுரு போட்டான்.

இப்போது நூஹு கடையை விட்டு ஓடிவந்து அவனை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "எங்கே உங்க வீட்டுக்காரம்மா? பாஸ்போர்ட்டோட வரச் சொல்லுங்க."

"அவ செத்துட்டா," என்றாள் அக்கா.

நூஹு வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மேடையில் இருந்த அதிகாரியின் காதருகே குனிந்து அரபியில் ஏதோ கெஞ்சினார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"பில்லு உங்க பேர்ல இருக்குல்ல, அது போதுமாம். கூப்பன்ல பேரைத் தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதை அடிச்சிட்டு உங்க பேரைப் போட்டுக்குவாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து சந்தியாவின் பெயர்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நல்ல மனிதர். சிரித்தபடியே கேட்டார்.

"மிஸ்டேக்?"

பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று அப்பா சொன்ன சொல் அது. தப்பு. வேறு சாதிப் பெண். அதன்பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. அக்காவுக்கு அவள் எப்போதும் "அவ"தான். காய்ச்சலில் அவள் போன அன்று, சித்தப்பா ஒருவர் போன் போட்டு அவனுக்கு ஆறுதல் சொன்னார். செஞ்ச தப்பை ஆண்டவனே அழிச்சிட்டான்ப்பா.

அக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள். "ஆமான்னு சொல்லுடா. தலையையாச்சும் ஆட்டு. ஒரு கிலோடா தம்பி. நம்ம தெருவையே சேத்து உருக்குனாலும் அம்புட்டு வராது."

பேனா முனை தாளைத் தொட்டது.

"நோ," என்றான் பாலகுரு. "நோ மிஸ்டேக்."

அதிகாரிக்குப் புரியவில்லை. அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். மைக் பக்கத்தில் இருந்ததால் அதுவும் தெருவுக்குக் கேட்டது.

பிறகு அக்காவைப் பார்த்தான். "தப்பா எழுதலக்கா. என் பொண்டாட்டி பேரு அதுதான்."

அதிகாரி பேனாவை மூடினார். கூப்பனை அவனிடமே கொடுத்துவிட்டார். பெயரில் ஒரு கீறல் இல்லை. உருளை மறுபடி சுற்றியது. கூட்டத்தின் அந்தக் கோடியில் யாரோ ஒரு பாகிஸ்தான் பட்டாணியரின் போன் அடித்தது.

அக்கா அவனோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே வந்ததும், "பானு வீட்டுக்கு நான் என்னடா சொல்லுவேன்?" என்றாள்.

"நடந்ததச் சொல்லு."

அவன் பக்கத்துக் கடையில் ஒரு ரீசார்ஜ் கார்டு வாங்கினான். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தான்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அடிச்சது இந்தப் போனுல்ல? இது உன் நம்பரே இல்லையே. யாரு நம்பருடா இது?"

"சந்தியா நம்பர்."

அவளுக்கு விசா வந்த வாரம் வாங்கியது. ஏர்போர்ட்டில் இறங்கியதும் கையில் கொடுக்க வைத்திருந்தான். எண்ணை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அவள் விமானம் ஏறவில்லை. இன்று சாயங்காலம்வரை அது ஒரு தடவைகூட அடித்ததில்லை.

பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

அவன் காசால் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பணம் போடாமல் விட்டால் எண்ணை வெட்டிவிடுவார்கள்.

"சந்தியா நம்பரா," என்றாள் அக்கா.