எரேந்திரா அலமாரி

மெக்சிகோவின் கெரேத்தரோ நகரத் தரவு மையத்தில் சர்வர் அலமாரிகளுக்கு ஊழியர்கள் செல்லப்பெயர் வைப்பது வழக்கம். மின்சாரத்தைக் கவனிக்கும் ஃபாவுஸ்தோ ஒன்றுக்கு, அங்கேயே வேலைபார்க்கும் தன் மனைவி எரேந்திராவின் பெயரை வைத்திருந்தான். "கரண்டைக் குறைக்கச் சொன்னா உன்னதுலதான் கடைசியா கைவைப்பேன், கண்ணு" என்று சத்தியமும் செய்திருந்தான்.

அன்று மதியம் வெயில் ஏறியதும் மின்சாரத்தைக் குறைக்க உத்தரவு வந்தது. அதே நொடியில் சாப்பாட்டு அறையில் எரேந்திராவின் கையிலிருந்து தோர்த்தியா ரொட்டி நழுவியது. விரல்கள் சில்லிட்டிருந்தன. சுவரைப் பிடித்தபடி சர்வர் கூடத்துக்குப் போனாள்.

அவள் அலமாரி மட்டும் மங்கியிருந்தது. பக்கத்தில், புதிதாக 'நோயெலியா' என்று ஒட்டியிருந்த அலமாரி முழு வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"யாருய்யா இந்த நோயெலியா?"

"சும்மா ஒரு பேரு. போய்ச் சாப்பிடு" என்ற ஃபாவுஸ்தோ, திரும்பிப் பார்க்காமலே அவளுடைய அலமாரியின் மின் அளவை இன்னும் ஒரு படி இறக்கினான்.

அவள் மறுபடி கேட்டாள். உதடுகள் மட்டும்தான் அசைந்தன; குரல் அந்த அலமாரியோடு சேர்ந்தே இறங்கிப்போயிருந்தது.