ஈரச் சாக்கு

"படகைப் பாக்கப் போறதெண்டாப் போங்கோ. ஆனா அங்க நிண்டு உங்கட கதையை மட்டும் எடுக்காதேங்கோ" என்று வாசலில் வைத்து மாக்கிறேட் சொன்னாள்.

"நான் ஏன் எடுக்கப் போறன்?" என்றபடி நொயல் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

அவர்களுடைய மகள் றம்யாவும் சிட்னியின் கெல்லிவில் பகுதியில் இருக்கும் கிரணும் ஒரே மருத்துவமனையில் வேலை செய்தார்கள். கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தார்கள். மதம் வேறு, ஊர் வேறு என்ற பேச்செல்லாம் ஒருவழியாக அடங்கிவிட்டது. இனி கிரணின் அப்பா வரதராஜன் சரி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ராமநாதபுரத்திலிருந்து சிட்னிக்கு வந்திருந்தார். கடல் ரோந்துப் பணியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

சிக்கல் அங்கேதான். இலங்கையில் போர் நடந்த காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து இருட்டோடு இருட்டாகச் சனங்களை ஏற்றிக்கொண்டுபோய் இந்தியக் கரையில் இறக்கியவர் நொயல். திரும்பும்போது மருந்தும் டீசலும் கொண்டுவருவார். வரதராஜன் மாதிரி ஆட்கள் அதற்குக் கடத்தல் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே, ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்ததாக நொயல் சொல்லிவிட்டார். றம்யாவும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள்.

டார்லிங் ஹார்பரில் ஒரு பழைய போர்ப்படகு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் வரதராஜனுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பிள்ளைகள் இருவருக்கும் அன்று வேலை. தன் வீடு இருந்த லிட்கமிலிருந்து நொயல்தான் அவரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்.

படகு பெரிதில்லை. இரண்டாம் உலகப் போரில், மீன்பிடிப் படகு ஒன்றைக் கடற்படை எடுத்துப் பெயிண்ட் மாற்றி, கொடியையும் மாற்றி, எதிரியின் கரைக்கு அனுப்பியதாம். விளக்கே இல்லாமல் போய் ஆட்களை இறக்கிவிட்டு, விடியும் முன் திரும்பிவிடுமாம். சுற்றிக் காட்டிய வெள்ளைக்கார முதியவர் தன் சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார். வரதராஜன் ஒவ்வொரு ஆணியையும் தடவிப் பார்த்தார்.

நொயலுக்கு எல்லாம் பழகிய வேலையாகத்தான் இருந்தது. இந்தப் படகுக்குப் பித்தளை நினைவுப்பலகை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நடந்தார்.

கீழே இன்ஜின் அறையில் வரதராஜன் நின்றார். முதியவர் அதற்குள் மேலே ஏறிவிட்டார்.

"இவ்வளவு பெரிய இன்ஜின். சத்தம் கரை வரைக்கும் கேட்டிருக்குமே, எப்படிச் சமாளிச்சாங்க?"

"புகைக்குழாயில ஈரச் சாக்கைச் சுத்தினாச் சத்தம் அமந்துபோகும்" என்றார் நொயல். "காயக் காயத் தண்ணி ஊத்த வாளியோட ஒரு ஆள் நிக்கோணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

வரதராஜன் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தார். "சாப்பாட்டுக் கடையில இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?"

வெளியே வந்து தண்ணீரைப் பார்த்திருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வரதராஜன் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எந்தக் கரையிலிருந்து புறப்படுவீர்கள், எந்த மணல்திட்டு வழியாக வருவீர்கள், எந்தெந்த வருஷம், எத்தனை பேரை ஏற்றுவீர்கள். கைதியை விசாரிப்பதுபோல இருந்தது. ஒரு பொய் உடைந்துவிட்டது, அதை ஒட்டவைக்க இன்னொன்று சொல்ல நொயலுக்கு மனம் வரவில்லை. பேசாலைக் கரையிலிருந்து என்று தொடங்கி எல்லாவற்றுக்கும் உள்ளதையே சொன்னார். மாக்கிறேட்டின் முகம் கண்முன்னே வந்து வந்து போனது.

"பிழையெண்டா அது என்ர பிழை, ஐயா" என்றார் கடைசியில். "பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். பிள்ளையை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

வரதராஜன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நீங்க சொன்ன அந்தக் கடைசி வருஷம், தை மாசம். ஒரு ராத்திரி விளக்கில்லாம ஒரு படகு வந்துச்சு. லைட் அடிச்சோம். எல்லாரும் குப்புறப் படுத்துட்டாங்க. ஒரு அம்மா மட்டும் எழுந்து நின்னு, கைக்குழந்தையை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டினாங்க."

நொயல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பி அனுப்பணும்னு உத்தரவு. எனக்கு மனசு வரல. லைட்டை அணைக்கச் சொல்லிட்டு, எதுவும் தென்படலைன்னு மேல சொல்லிட்டேன். கொஞ்ச நேரத்துல காத்து மாறிக் கடல் பொங்கிருச்சு. பிடிச்சிருந்தா உயிராவது தங்கியிருக்குமேன்னு இன்னைக்கு வரைக்கும் தூக்கம் இல்ல. மன்னார்ப் படகுக்காரங்க யாரைப் பாத்தாலும் இதைத்தான் கேக்குறேன்." அவருடைய குரல் தழைந்தது. "அந்தப் படகு கரை சேந்துச்சா?"

நொயல் அவர் பக்கம் திரும்பினார்.

"சேந்தது, ஐயா. தூக்கிக் காட்டினது என்ர மனுசி மாக்கிறேட்" என்றார். "அந்தப் பிள்ளையைத்தான் உங்கட மகன் கட்டப்போறார்."