திருகு மூடி

"காலி ஒயின் பாட்டில் கிடைக்குமா?"

கேட்டவளைக் குப்புராஜ் ஏற இறங்கப் பார்த்தான். தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டு எலைட் மதுக்கடையில் ஆறு வருஷமாக விற்பனையாளன். காலி பாட்டிலுக்கு என்று வந்த முதல் ஆள் இவள்தான்.

நாற்பது வயதிருக்கும். காட்டன் புடவை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஹேமாவதி என்று அதில் போட்டிருந்தது.

"காலி பாட்டில் எல்லாம் தரமாட்டோம் மேடம்."

"அப்ப முழுசாவே குடுங்க. பிரெஞ்சு ரெட் ஒயின். விலை கம்மியா இருக்கணும். இன்னிக்கு சாயங்காலமே வேணும்."

குப்புராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிராந்தியும் பீரும் எடுத்துக் கொடுத்தே அலுத்துப் போனவன். பிரெஞ்சு ஒயின் லேபிளை 'போர்டியாக்ஸ்' என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவனை, 'போர்டோன்னு சொல்லணும் தம்பி' என்று ஒரு பாண்டிச்சேரிக்காரர் திருத்தியதிலிருந்து, ஒயின் விஷயத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்வான்.

"குடிக்கிறவர் பழகினவரா, புதுசா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். "புதுசுன்னே வெச்சுக்குங்க."

"அப்ப இந்த போர்டோ எடுங்க. இதுல மெர்லோங்கற திராட்சை ஜாஸ்தி. பாக்கு கடிச்ச மாதிரி வாயெல்லாம் துவர்க்காது. சில ஒயினை வாங்கி வருஷக்கணக்கா வெச்சிருந்துதான் திறக்கணும். இது இன்னிக்கே குடிக்கலாம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல வெச்சா..."

"இது கார்க்கா?"

"ஆமா மேடம்."

"கார்க் வேணாம். திருகுற மூடி போட்டது குடுங்க. திறந்துட்டு மறுபடி மூடினா பளிச்சுனு தெரியக் கூடாது."

குப்புராஜின் உற்சாகம் அங்கேயே நின்றது.

"எத்தனை பேருக்கு மேடம்?"

"ஒருத்தருக்குத்தான்."

"புதுசா குடிக்கிற ஒருத்தருக்கு முழு பாட்டிலா?"

அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, டேஸ்ட் எப்படி வேணும்? லேசா, கொஞ்சம் கெட்டியா?"

"டேஸ்ட் எப்படி இருந்தா என்னங்க? பாட்டில் நல்ல அடர்த்தியான கலர்ல இருக்கணும். உள்ள இருக்கிறது என்னன்னு தெரியக் கூடாது. லேபிள்ல பிரெஞ்சு பெரிசா இருக்கணும்."

பாட்டில் எடுக்கிற சாக்கில் பக்கத்து கவுன்ட்டர் பாலுவிடம் போய்க் கிசுகிசுத்தான்.

"மச்சான், இந்தம்மா மேல டவுட்டா கீதுடா. மொதல்ல காலி பாட்டில் கேட்டுச்சு. இப்ப திருகு மூடி கேக்குது. டேஸ்ட்ட பத்தி கவலையே இல்ல."

"டூப்ளிகேட் பார்ட்டிடா அது! பிரெஞ்சு பாட்டில்ல கலர் தண்ணிய ஊத்தி வித்துடுவாங்க. நாளைக்கு மாட்டிக்கினா, எந்தக் கடையில வாங்குனேன்னு கேப்பாங்க. உன் பேரைத்தான் சொல்லும். உனக்கு வேலை பூடும், பாத்துக்கோ."

குப்புராஜுக்கு வாடகை வீடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த வேலையும் போனால் அனகாபுத்தூரில் தெருவில்தான் நிற்கவேண்டும்.

இல்லையென்று சொல்லவும் வழியில்லை. அவள் கேட்ட மாதிரி பாட்டில் கண்ணெதிரே அலமாரியில் நிற்கிறது. எடுத்து பில் போட்டான்.

"மேடம் எந்த ஏரியா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவள் முகம் மாறியது. பாட்டிலைப் பைக்குள் தள்ளிக்கொண்டு வேகமாக வெளியே போனாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? குப்புராஜ் செல்போன் கேமராவைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே போனான்.

கடைக்குப் பின்புறம் வண்டி நிறுத்துமிடம். ஹேமாவதி தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பாட்டிலைத் திறந்தாள். மொத்த ஒயினையும் சாக்கடையில் கவிழ்த்தாள்.

குப்புராஜுக்கு நெஞ்சே பதறியது. பாவி, ஒரு வாய் கூட மிச்சம் வைக்கவில்லை!

பிறகு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள். மறுபடி ஊற்றினாள், குலுக்கினாள், கொட்டினாள். மூன்றாவது தரமும் அப்படியே. அப்புறம் பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்துத் திறந்தாள்.

"அப்படியே நில்லுங்க! எல்லாம் வீடியோவுல கீது. இன்னா கலக்கறீங்க? யாருக்கு சப்ளை?"

ஹேமாவதி மிரண்டு போனாள். அவள் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பிடுங்கி முகர்ந்தான் குப்புராஜ். பன்னீர் திராட்சை ஜூஸ்.

"சப்ளை எல்லாம் இல்லங்க. என் வீட்டுக்காரருக்கு. சாயங்காலம் சிட்லபாக்கத்துல அவர் மேனேஜர் வீட்டுல பார்ட்டி. போகாம இருக்க முடியாது."

"பார்ட்டிக்கு எதுக்கு ஜூஸை இதுல ஊத்தறீங்க?"

"வெறுங்கையோட நின்னா, 'ஒரே ஒரு பெக், ஒண்ணும் ஆகாது'ன்னு கையில திணிப்பாங்க. போன தடவை விட்டப்பவும் அப்படித்தான் மறுபடி ஆரம்பிச்சது. கையில பிரெஞ்சு ஒயின் இருந்தா, 'சாரு இப்ப ஒயினுக்கு மாறிட்டாரு'ன்னு கிண்டல் பண்ணிட்டு விட்டுடுவாங்க. அவங்க யாரும் ஒயினைத் தொட மாட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "அவர் குடியை விட்டு நாலு மாசம் ஆகுதுங்க."

குப்புராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் காலி பாட்டிலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான்.

"இன்னும் வாசனை இருக்கு மேடம். இது ஒண்ணே போதும், அவரை இழுத்துடும். குடுங்க, உள்ள வெந்நீர் இருக்கு. வாசனை சுத்தமா போறவரைக்கும் நானே அலசித் தரேன்."