தாழ்ந்த உத்தரம்

புதிதாக வந்த வார்டு அதிகாரி செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தார். அவருக்குப் பின்னால் ஏறிய சாயிமா காதைத் தீட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு 'டொம்' கேட்டால் போதும்.

படி முடிகிற இடத்தில் ஒரு தேக்கு உத்தரம் தாழ்ந்து கிடக்கிறது. யாங்கோனின் லான்மடா பேட்டையில் இருக்கிற பழைய வீடு. எந்த மகராசன் கட்டினானோ, ஆள் உயரத்தைப் பார்க்காமல் கட்டிவிட்டான். பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான். முதல் முறை ஏறுகிறவர் எவராக இருந்தாலும் நெற்றியில் ஒன்று வாங்காமல் உள்ளே போனதில்லை.

முன்பெல்லாம் உம்மா, "தலை, தலை" என்று கீழேயிருந்தே கூவுவாள். இப்போது கூவுவதில்லை. இடித்துக்கொண்டு வருகிறவருக்குத் தைலம் மட்டும் தேய்த்துவிடுகிறாள்.

அந்தச் சத்தம்தான் ரிஹானுக்கு எச்சரிக்கை.

மாடியில், துணி அலமாரிக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறான் தம்பி. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற சட்டம் வந்த பிறகு, பையன் மலேசியாவுக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் இன்றுவரை மறைத்துவிட்டார்கள்.

உத்தரத்தில் தலை இடித்தால் வேற்றாள். அவன் மூச்சுக் காட்டக் கூடாது. இடிக்காமல் காலடி வந்தால் வீட்டாள். பேசலாம்.

பேச அவனுக்கு ஒரே விஷயம்தான் இருந்தது. சாயிமா கணினியில் கட்டிய தெரு.

மனிதர்களைச் செய்து, வீடு கட்டிக் கொடுத்து, உண்ண வைத்து உறங்க வைக்கிற விளையாட்டு அது. வெளியே போக முடியாதவன், அதிலாவது நம் தெருவில் நடக்கிறேனே லாத்தா என்று அக்காவிடம் கேட்டான். மின்சாரம் வந்த நேரமெல்லாம் உட்கார்ந்து கட்டினாள். உம்மாவின் குடைக்கடை, படிக்கட்டின் பச்சைக் கம்பி, எதிரே டீக்கடையின் குட்டை ஸ்டூல்கள், பள்ளிவாசல் முக்கு, பால்கனிகளிலிருந்து தெருவரை தொங்குகிற கயிறுகள், அவற்றின் நுனியில் சாமான் மாட்டி மேலே இழுக்கிற கிளிப்புகள்.

பிறகு, எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிடு என்று அவனே நச்சரித்தான். என்னால்தான் இறங்க முடியவில்லை, உலகமாவது என் தெருவில் நடக்கட்டும் என்றான்.

பயந்து பயந்துதான் வெளியிட்டாள். தெருப் பெயரை எடுத்தாள். கடைப் பலகையை அழித்தாள். அலமாரியை, பின்னால் இடமே இல்லாமல், சுவரோடு ஒட்டி வைத்தாள். கடைசியாக ரிஹானின் பொம்மையையும் எடுத்தாள்.

உம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "உசுரோட இருக்குற புள்ளய அழிச்சிட்டு அப்புடி என்னடி வெளையாட்டு வேண்டிக் கெடக்கு?" என்றவள், அன்று முழுக்க முகம் கொடுக்கவில்லை.

உத்தரத்தை எடுக்க மட்டும் சாயிமாவுக்கு மனம் வரவில்லை.

வாப்பா நெட்டை. மேலே வரும்போது இடது உள்ளங்கையை உத்தரத்தில் பதித்து, மாட்டின் கழுத்தைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவி, குனிந்து நுழைவார். அவர் மவுத்தாகி வருடங்கள் ஆகியும் அந்தக் கை அவள் கண்ணிலேயே நின்றது. மெனக்கெட்டு அதைச் செய்தாள். அவள் கட்டிய வீட்டில் ஏறுகிற பொம்மை மனிதர் ஒவ்வொருவரும் வாப்பாவைப் போலவே தடவிக் குனிந்தார்கள். தங்கள் கணினிகளில் இறக்கி விளையாடியவர்கள் அதைத்தான் கொண்டாடினார்கள். எங்கோ பிரேசிலில் ஒருத்தி, பார்த்து அழுதேன் என்று எழுதியிருந்தாள். சாயிமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி ஏறிக்கொண்டிருந்தார்.

கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வந்தது வழக்கமான விருந்தாளிச் சோதனை, வெளியாள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று. கீழே கடையில் நின்றவர் குடைகளையும் படிக்கட்டின் பச்சைக் கம்பியையும், எங்கோ பார்த்த ஞாபகத்தில், மாறி மாறிப் பார்த்தார். மேசையில் இருந்த லேப்டாப்பைக் கண்டதும், "எம் பொண்ணும் பூரா நாளும் இதுலதான் வீடு கட்டிக்கிட்டுக் கெடக்கா, மா சாயிமா" என்று பர்மியில் சலித்துக்கொண்டார். சலிப்பில் பாதி பெருமை.

மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். தலை மட்டும் இடித்தால் போதும்.

இடிக்கணும் அல்லாவே, இடிக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்தவன் மண்டை உடைய வேண்டும் என்று துஆ கேட்டவள் இந்த யாங்கோனில் அவளாகத்தான் இருப்பாள்.

கடைசிப் படியில் அவர் நின்றார்.

இடது கை மெல்ல எழுந்தது. இந்த வீட்டில் ஒருநாளும் ஏறியிராத மனிதர், அந்த இருட்டில், உள்ளங்கையைச் சரியாக உத்தரத்தில் பதித்தார். தடவினார். குனிந்து நுழைந்தார். அச்சு அசல் வாப்பா.

சாயிமா இருமியிருக்கலாம். ஏதாவது பேசியிருக்கலாம். வாப்பாவைப் பார்ப்பதுபோல அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெறுங்காலோடு இரண்டடி போனவர், மகளிடம் சொல்ல ஒரு சேதி கிடைத்த சந்தோஷத்தில், சாயிமாவைத் திரும்பிப் பார்த்து வாயெல்லாம் சிரித்தார்.

அலமாரிக்குப் பின்னால் பலகை நகர்ந்தது.

"இன்னைக்கு எத்தன பேரு எறக்குனாங்க, லாத்தா?"